கொள்ளு ரசமும் கொழுப்பு மாத்திரையும்

வல்லத்திராக்கோட்டையில் பொழுது விடிந்தபோது சோலையப்பன் தம் வீட்டுக் கொல்லையில் விழுந்து கிடந்தார். கையையும் காலையும் தூக்க முடியவில்லை. அவர் கழித்திருந்த சிறுநீர், பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில் இருந்தது. அருகில், பாதி குடித்த கொள்ளு ரசத்தோடு ஒரு பிளாஸ்க். அதைக் காய்ச்சிக் கொடுத்தவள் மருமகள் அருணா. அவள் கணவன் துபாயில் இருந்தான்.

காலை மணி ஒன்பது. புதுக்கோட்டைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் தாழ்வாரத்தில் ஆய்வாளர் செவந்தி நுழைந்தபோது, சோலையப்பனின் மகள் ரஞ்சிதா அருணாவின் கொண்டையைப் பற்றியிருந்தாள்.

"கைய எடு. இல்லேன்னா ரெண்டு பேரையும் ஜீப்புல ஏத்துவேன்."

"எங்கப்பா வயித்துல என்னத்த ஊத்துனான்னு இவளக் கேளுங்க மேடம்!"

"அதே ரசத்தத்தான் நானும் குடிச்சேன். செத்தா போயிட்டேன்?" என்றாள் அருணா.

"சாகலையேன்னுதான் கேக்குறேன்!"

ரஞ்சிதாவின் கணவன் ரெங்கராஜ் குறுக்கே வந்தான். அரிமளத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன்.

"கடைக்காரன் சொல்றேன் மேடம். சதையக் கரைக்கிற எதையோ ரசத்துல கலந்துட்டா. வீட்ட அமுக்கணும் இவளுக்கு. உள்ள தள்ளுங்க."

ரஞ்சிதா கையோடு கொண்டுவந்திருந்த பிளாஸ்கை வாங்கி, உடன் வந்த காவலரிடம் ஒப்படைத்துவிட்டுச் செவந்தி அறைக்குள் சென்றார். படுக்கையில் கிடந்தவரின் இடுப்பில், அரைஞாண் கயிற்றை ஒட்டி, வட்டவட்டமாகத் தோல் கறுத்து உலர்ந்திருந்தது. ஆறிவரும் படர்தாமரை.

"இதுக்குக் களிம்பு ஏதும் தடவுனாரா?"

"வீட்டுல அப்படி எதுவும் இல்லீங்க. மாமா எங்கிட்ட சொன்னதே இல்ல," என்றாள் பின்னாலேயே வந்த அருணா.

பத்தரை மணிக்கு இரத்தச் சோதனை முடிவு வந்தது. மருத்துவர் செவந்தியைத் தனியே அழைத்தார்.

"விஷம் இல்ல மேடம். சதை கரைஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னிய அடைக்குது. அவரு தினம் சாப்பிடுற கொழுப்பு மாத்திரை இப்படிச் செய்யும், நிறுத்திட்டேன். ஆனா பல வருஷமா ஒத்துக்கிட்ட மாத்திரை! எது அதத் தூண்டிவிட்டதுன்னு தெரியலேன்னா ஆள் தேறுறது கஷ்டம். வேற மாத்திரை உண்டான்னு திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன். இல்லேன்னே தலையாட்டுறாரு."

செவந்தி மருத்துவரோடு திரும்பி வந்து கட்டிலருகே குனிந்தார்.

"ஐயா, இடுப்புச் சொறிக்கு உள்ளுக்கு என்ன சாப்பிட்டீங்க?"

கிழவர் மருமகளைக் கண்டு கூசி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கேப்சூலு."

"டாக்டர்கிட்ட ஏன் இல்லேன்னீங்க?"

"அவரு மாத்திரையான்னுல்ல கேட்டாரு, தாயி."

விடையில் பிழை இல்லை. பிழை கேள்வியில் இருந்தது.

"யாரு குடுத்தா?"

"மாப்பிள்ளைதான். வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

மருத்துவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "படர்தாமரைக் கேப்சூல் சிலது, கொழுப்பு மாத்திரையக் கல்லீரல் செரிக்க விடாது. மாத்திரை ரத்தத்துலயே தேங்கி நிக்கும். தெரிஞ்சுபோச்சுல்ல, இனிமே பொழைக்க வச்சிடலாம்." அடுத்த நொடி அவர் செவிலியரை விரட்டத் தொடங்கினார்.

செவந்தி தாழ்வாரத்துக்கு வந்தார்.

"ரெங்கராஜ், ஜீப்புல ஏறுங்க."

"நானா? எதுக்கு?"

"டாக்டர் சீட்டு இல்லாம மாமனாருக்குப் படர்தாமரைக் கேப்சூல் குடுத்ததுக்கு."

"தெரியாமக் குடுத்தேன் மேடம்!"

"குடுத்தப்ப தெரியாது. விழுந்தப்ப தெரிஞ்சிருச்சு. டாக்டர்கிட்ட வாயத் தொறந்தா கடை போயிரும்னு இந்தப் பொண்ணு தலையில கட்டுனீங்க. ஒங்க சம்சாரம் வயித்தச் சொன்னாங்க. நீங்க மட்டும் ஒம்பது மணிக்கே சதைன்னீங்க. சதைன்னு டாக்டருக்கே தெரிஞ்சது பத்தரைக்கு."

ரெங்கராஜ் வாசல் பக்கம் நகர்ந்தான். காவலர் அவன் தோளைப் பற்றினார்.

செவந்தி பிளாஸ்கை வாங்கி அருணாவிடம் நீட்டினார். அவள் மூடியில் ரசத்தை ஊற்றினாள். எல்லோரும் பார்க்க ஒரு மிடறு குடித்தாள். பிறகு அவிழ்ந்த கொண்டையோடு நாத்தனாரின் முன்னே போய் நின்றாள்.

"ஒங்களுக்கும் கொஞ்சம் ஊத்தவா, அண்ணி?"