ஆறிப்போன பேன்கேக்

ஹேசலின் டிராம்போன் பெட்டி மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. அதைப் பார்த்ததும் வில்லாவுக்குத் திக்கென்றது. தினமும் அக்கா அந்தப் பித்தளைக் குழலை ஊதும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள்தான் அவள். ஆனாலும் இப்போது என்னவோ போல இருந்தது.

“ஏன்க்கா இதை இங்க போட்டுட்டே?”

“அடுத்த வருஷம் நான் ஸ்கூல் பேண்டுல இல்ல. அஞ்சு கல்லூரிப் பாடம் எடுக்கப் போறேன். மூச்சு விடவே நேரம் இருக்காது.”

கல்லூரியில் படிக்க வேண்டியதைப் பள்ளியிலேயே படிக்கிற பாடங்கள் அவை. எடுத்தால் தனி மதிப்பு. அதனால் ஹேசலின் வகுப்பில் ஒரே போட்டி. எதெது வேண்டும் என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும்.

“அஞ்சும் உனக்குப் பிடிக்குமா?” என்றாள் வில்லா.

“பிடிக்குதான்னு யாருடி பார்த்தா? எங்க கிளாஸ் பிரிஜெட் அஞ்சு எடுக்கறா. நான் என்ன குறைஞ்சவளா?”

“புஸ்தகத்தையாவது பார்த்தியா?”

“அதெல்லாம் செப்டம்பர்ல வகுப்பு தொடங்கும்போது பார்த்துக்கலாம்.”

“நல்லா இருக்கே! ஒரு ஷூ வாங்கறதுக்கு நாலு கடையில போட்டுப் பார்ப்பே. இதை மட்டும் பார்க்காமலே வாங்குவியா?”

“போடி வாயாடி!” என்றாள் ஹேசல்.

வில்லா பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். ஐந்து தடிமனான புத்தகங்களோடு திரும்பினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று பனியில் விழுந்தது.

“என்னடா இது, செங்கல்லா? வீடு கட்டப் போறியா?” என்று அப்பா சிரித்தார்.

“இல்லப்பா. அக்கா போட்டுப் பார்க்கறதுக்கு!”

ஹேசல் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்தாள். வரலாற்றுப் புத்தகத்தின் மேலேயே தூங்கிப் போனாள். பொருளாதாரத்தைத் திறந்தவள், பாதியில் எழுந்துபோய்க் காலுறைகளை நிறம் பார்த்து அடுக்கினாள். இயற்பியலைப் பார்த்து “ஐயோ!” என்றாள். புள்ளியியலில் மட்டும் கணக்குகளைப் பாட்டு முணுமுணுத்தபடியே போட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா பேன்கேக் சுட்டார். பேன்கேக் என்றால் ஹேசலுக்கு உயிர். தங்கையின் தட்டிலிருந்துகூடத் திருடுவாள். அன்று உயிரியல் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, மீனோட இதயத்துக்கு ரெண்டே அறைதான். தவளைக்கு மூணு, நமக்கு நாலு! இங்க பாருங்களேன், இந்தப் படத்தை…”

முள்கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசினாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

“அக்கா,” என்றாள் வில்லா மெதுவாக, “உன் பேன்கேக் ஆறிப்போச்சு.”

ஹேசல் தட்டைப் பார்த்தாள். ஒரு வாய்கூட உண்ணவில்லை. அப்பா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்றார்.

ஹேசலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உயிரியலும் புள்ளியியலும் போதும்னு தோணுதுப்பா,” என்றாள். பிறகு முகம் சுருங்கியது. “ஆனா பிரிஜெட் சிரிப்பாளே!”

“சிரிக்கட்டுமே,” என்றாள் வில்லா. “பேண்டு சத்தத்துல உனக்கு எங்க கேக்கப்போகுது?”

ஹேசல் எழுந்து மாடிப்படிக்கு அடியில் குனிந்தாள். அடுத்த நிமிடம் டிராம்போன் பிளிறியது. பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது.

வில்லா காதைப் பொத்தினாள். காதைப் பொத்தினால் சாப்பிட முடியாது. அக்காவின் பேன்கேக்கோ அப்படியே இருந்தது. கையை எடுத்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.