இருபத்தேழு பெயர்கள்

போன் பதிவில் ஒரு பெஞ்சு முனகியது.

சிவப்ரியா ஹெட்போனைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினாள். கடலூர் முதுநகரின் பழைய மாதா கோயிலில், பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், கரையான் அரித்த இறந்தவர் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாந்திபேதி வந்த ஒரே வாரத்தில் அடக்கமான இருபத்தேழு பேரின் பெயர்களைப் பகலெல்லாம் சத்தமாகப் படித்துப் பதிந்துவிட்டு வந்திருந்தாள். திருச்சபை வரலாற்றில் முனைவர் பட்டம் வேண்டுமென்றால் செத்தவர்களோடு குடித்தனம் நடத்தித்தான் ஆகவேண்டும். ஆனால் அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பெஞ்சு கிடையாது.

"சவரிமுத்து" என்றது பதிவில் அவள் குரல். கிறீச். உட்கார்ந்திருந்த யாரோ எழுந்த மாதிரி. "அருளாயி." கிறீச்.

காலையில் சாவி கொடுக்கும்போது, கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஆரோக்கியராஜ் சொன்னது நினைவுக்கு வந்தது. "மனசுக்குள்ளயே படிச்சிக்க பாப்பா. வாய்விட்டுப் பேரைச் சொன்னா, கூடவே அவுங்க ஆத்மா அடங்க இளைப்பாற்றி செபமும் சொல்லிடணும். கல்லறைத் திருநாளுக்கு நாங்க அப்படித்தான் படிப்போம். கூப்பிட்டுட்டு சும்மா வுட்டா எழுந்து அவுங்கவுங்க வூட்டப் பாத்துப் போயிடுவாங்க."

"போகட்டுமே ஐயா, அவங்களாவது போகட்டும்" என்று சிரித்திருந்தாள். பேச்சில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. இந்தப் படிப்பில் சேர்ந்த அன்று, சிதம்பரம் கீழ வீதி வீட்டில், இனி வாசற்படி மிதிக்காதே என்று சொன்னவர் அப்பா சேதுமாதவன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் அவர் எண்ணை எடுத்துப் பார்ப்பாள், போட மாட்டாள். அவர் வாயிலிருந்து 'வா' என்ற ஒரு சொல் வந்தால் போதும், ஓடிவிடுவாள். வரவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாடகை அறைக்குள் தோண்டிய மண்ணின் ஈர வாசனை மெல்ல மெல்ல ஏறியது. கொடியில் காயாத துணிகளுக்குப் பின்னால் இருட்டு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராக நிறையப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது. பையிலிருந்து செபப் புத்தகத்தை எடுத்தாள். ஒரு பெயர், ஒரு செபம். ஒரு பெயர், ஒரு செபம். இருபத்தேழாவது முடிந்தபோது வாசனை போயிருந்தது. துணிகளுக்குப் பின்னால் வெறும் சுவர்.

தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. பதிவு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ள, இதுவரை கேட்காத ஆரம்பத்துக்கு அதை ஓட்டினாள். யார் பதிந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, எந்தப் பதிவையும் தன் பெயரோடு தொடங்குவது ஆராய்ச்சிக்காரர்களின் வழக்கம்.

"சிவப்ரியா."

கிறீச்.

அப்புறம் காலடிகள். கதவு திறந்தது. காலடிகள் வெளியே போயின.

அந்தப் பெயருக்குச் செபம் சொல்லவில்லை. காலையிலேயே கிளம்பியாகிவிட்டது. அவுங்கவுங்க வூட்டப் பாத்து.

அப்பாவின் எண்ணைப் போட்டாள். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

"அப்பா... நான் சிவப்ரியா."

"யாரும்மா நீ? எம் பொண்ணு இங்க சாப்பிட்டுண்டிருக்கா." இரண்டு வருஷமாக அவள் ஏங்கிய குரல். சந்தோஷத்தில் தழுதழுத்தது. "நனைஞ்சுண்டு வந்து வாசல்ல நின்னா. வான்னு கூப்பிட்டேன், உள்ள வந்துட்டா."

"அப்பா, அது நான் இல்லப்பா..."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. கிறீச்.

"யாருப்பா போன்ல?" என்று கேட்டது. அவளுடைய குரல்.

"யாரோ தெரியல. நீ சாப்பிடு கொழந்தே."

போனை அவர் வைக்கவில்லை. வாசற்கதவைத் தாழ் போடும் சத்தம் கேட்டது.