இரண்டு கிலோ

காலை ஆறு மணிக்கு எடைமேடையின் விளக்கு எரிந்ததும் குடியேற்றத்தில் வரிசை கூடிவிடும். கடல் ஊரைக் கொண்டுபோன பிறகு மேட்டில் எழுந்த குடியேற்றம் அது. ஏறி நின்றால், எடைக்குத் தக்க ஊட்டக்கூழைக் கருவி கிண்ணத்தில் ஊற்றும். பெரிய உடம்புக்கு நிறைய, சின்ன உடம்புக்குக் கொஞ்சம். மேடையைக் கவனிக்கும் வேலையிலிருந்த செல்சியாவுக்கு அது நியாயமாகவே பட்டிருந்தது, லூர்தியின் மகளுக்குத் தட்டம்மை வரும்வரை.

மூன்று வயது ஆக்னஸ் பதினோரு கிலோ இருந்தவள். அம்மை இறங்கியபோது ஒன்பது. மறுநாளே கூழ் குறைந்தது. கூழ் குறையக் குறைய அவள் இன்னும் வாடினாள்.

“வாயெல்லாம் நாறுதுக்கா. ஈறுல ரத்தம் வருது,” என்றாள் லூர்தி.

செல்சியா பிள்ளையின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு சாம்பல் நிறத்தில் நைந்து கிடந்தது. கன்னம் வீங்கிப் பளபளத்தது. நோயறி கருவி, கன்ன அழுகலின் தொடக்கம் என்றது. பட்டினியும் அம்மையும் வலுவிழக்கச் செய்த உடம்பில் வாய்க்கிருமிகள் சதையைத் தின்கின்றன. மருந்தும் சத்தான உணவும் உடனே வேண்டும். மருந்துப்பெட்டி திறந்தது. உணவு மட்டும் எடைமேடையின் பொறுப்பு.

“வெறும் வயித்துல மருந்து என்னத்தக்கா செய்யும்?”

மறுநாள் ஆக்னஸ் மேடையேறியபோது செல்சியா பின்னால் நின்று தன் கால்விரலை மேடைமேல் மெல்ல அழுத்தினாள். திரையில் பதினொன்று. கிண்ணம் நிறைந்தது. லூர்தி செல்சியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று நாள் பிள்ளை சாப்பிட்டாள். காய்ச்சல் தணிந்தது. நான்காம் நாள் மருந்துப்பெட்டி திறக்கவில்லை. “எடை மீண்டது. குழந்தை நலம். சிகிச்சை நிறைவு,” என்றது அதன் திரை.

செல்சியா தலைமையகத்தை அழைத்தாள். “அந்த எடை பொய் சார். நான்தான் காலை வச்சேன். பிள்ளைக்கு மருந்து குடுங்க.”

“விசாரணை முடியட்டும்,” என்றது திரையிலிருந்த முகம்.

விசாரணை எட்டு நாள் நடந்தது. அதற்குள் கன்னம் கறுத்து உதிர்ந்துவிட்டது.

ஆக்னஸ் பிழைத்தாள். தாடை இறுகிப்போய் வாய் திறக்காது. இடக் கன்னத்து ஓட்டையில் பற்கள் தெரியும். வேலை போன செல்சியா ஒருநாள் பார்க்கப் போனாள். லூர்தி பல்லிடுக்கில் கூழை ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி கன்னம் வழியே கழுத்துக்கு வடிந்தது.

“இப்ப முழுப் பங்கு தாறாங்கக்கா,” என்று துடைத்துவிட்டாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: “அன்னைக்கு நீங்க காலை வைக்காமயே இருந்திருக்கலாம்.”