பெலிசியா உட்கார்ந்த இடம்

வண்டியின் பின்சீட்டு சூடாக இருந்தது.

வெயில் சூடு என்றால் அனிதா கண்டுகொண்டிருக்க மாட்டாள். காலையிலிருந்து வண்டி மாதா கோயில் வளாகத்து வேப்பமர நிழலில்தான் நின்றது. லியோவும் அவளும் உள்ளே திருமணத் தயாரிப்பு வகுப்பில் இருந்தார்கள். முன்சீட்டைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. பின்சீட்டில் மட்டும், பஸ்ஸில் யாரோ அப்போதுதான் எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்தால் சுடுமே, அந்தச் சூடு.

"என்ன அனிதா, ஏறலியா?"

"ஏறிட்டேன், போங்க."

ஏறி உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தவள் பெலிசியா. எது நடந்தாலும் அனிதாவுக்கு முதலில் பெலிசியாதான் நினைவுக்கு வருவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லியோவுக்கு நிச்சயமான பெண். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசித்த பிறகுதான் தாலி. பெலிசியாவுக்கு இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவதற்கு முன்னால் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டாள். இப்போது அனிதாவுக்கும் இரண்டு ஓலை முடிந்திருந்தது. நாளைக்கு மூன்றாவது.

செத்தவள் மேல் பொறாமைப்படக் கூடாது என்று அனிதாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உயிரோடிருக்கிற ஒருத்தி என்றால் சண்டை போடலாம், மூக்கு சப்பை என்று சொல்லிச் சிரிக்கலாம். இவளுக்கு இனி வயசும் ஏறாது, முடியும் கொட்டாது, எந்தக் குழம்பிலும் உப்பு கூடிப்போகாது. போதாததற்கு, கட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்குள் ஒளிவு மறைவு கூடாது, மனசு விட்டுப் பேசுங்கள் என்று வகுப்பில் வேறு சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது கேட்டாள். "அவளோட எங்கெல்லாம் போனீங்க?"

லியோ வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "ஒரே ஒரு எடந்தான். புதுச்சத்திரம் தாண்டி ஒரு பூந்தோட்டம். இதே மாதிரி, ரெண்டாவது ஓல வாசிச்சப்புறம்."

"அங்கயே போலாம்."

"பிச்சாவரம் போலாம்னுதான கெளம்புனோம்?"

"அங்கயே போங்க மாமா. அவ நின்ன எடத்துல நான் நிக்கணும். அவ உக்காந்த எடத்துல நான் உக்காரணும். அப்பறம் அது எனக்கும் உங்களுக்கும்தான்."

பழைய சுவருக்கு வெள்ளையடிப்பது போல அடித்து மறைத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

ஈஸ்டர் கழிந்த சித்திரை வெயிலிலும் தோட்டம் செழிப்பாகவே இருந்தது. அரளியும் கனகாம்பரமும் வரப்போரம் பூத்துக் கிடக்க, உள்ளே பாத்தி பாத்தியாகச் சம்பங்கி நின்றது. நனைந்த மண்ணின் வாசனையும் எங்கோ ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் உறுமலும் தேனீக்களின் ரீங்காரமும் ஒன்றாகக் கலந்து தூக்கம் வரவழைத்தன. கல்யாண ஜோடிகள் போட்டோ எடுப்பதற்கென்று காகிதப்பூக் கொடியில் ஒரு வளைவு கட்டியிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம்தான், ஆனால் வேறு ஒரு ஜோடியும் வரவில்லை.

வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணி ஒரு முழம் மல்லியை எடுத்து அனிதாவின் தலைப்பக்கம் கொண்டுவந்தாள். பாதியில் கை நின்றது.

"ஏம்மா, ஏற்கனவே சம்பங்கி வச்சிருக்கபோல. வாசன ஆளத் தூக்குது."

அனிதா பின்னந்தலையைத் தடவிப் பார்த்தாள். வெறும் ஜடைதான் இருந்தது. அந்தப் பெண்மணி ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, மல்லியைத் திரும்பக் கூடைக்குள் வைத்து ஈரத்துணியால் மூடினாள்.

காகிதப்பூ வளைவுக்கு வந்தார்கள்.

"இங்க எப்படி நின்னீங்க?"

"வேணாமே அனிதா."

"எப்படி நின்னீங்க, சொல்லுங்க."

"அவ எனக்கு எடது பக்கம்."

அனிதா அவனுடைய இடது பக்கம் ஒட்டி நின்று செல்போனை நீட்டிப் படம் எடுத்தாள். படத்தில் அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். லியோவின் தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது, யாரும் இல்லாத பக்கம். வலது தோளில், காலையில் தேய்த்துப் போட்ட சட்டை, நான்கு விரல் அழுத்திப் பிடித்த மாதிரி கசங்கியிருந்தது. அப்படி ஒரு தடவையாவது அவன் தன் பக்கம் தலை சாய்த்திருக்கிறானா என்று யோசித்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. படத்தை அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை அவன் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தான்.

"ஏன் அந்தப் பக்கம் சாயிறீங்க?"

"நேராத்தான நின்னேன்?" என்றான் லியோ. அவன் பொய் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சம்பங்கிப் பாத்திகளுக்கு நடுவே நடந்தார்கள். பொழுது இறங்க இறங்க வாசனை தடித்துக்கொண்டே வந்தது. மூச்சுக்குள் போய் நாக்கில் கசந்தது. காலடியில் சருகு நொறுங்கியது. அவர்கள் நின்றார்கள். அதற்குப் பிறகும் ஒரு தடவை நொறுங்கியது.

தோட்டத்தின் கடைசியில் படி வைத்த பெரிய கிணறு. குட்டையான கைப்பிடிச் சுவர். மோட்டார் எப்போது நின்றதென்று தெரியவில்லை. தேனீச் சத்தமும் இல்லை.

"இங்கதான?"

லியோ தலையசைத்தான். அவன் நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. அனிதா சுவரில் உட்கார்ந்து அவனையும் இழுத்து உட்கார வைத்தாள்.

"என்ன பேசுனீங்க?"

"சும்மா... கல்யாணத்தப் பத்தி."

"அவ்ளோதானா?"

"ஒண்ணு சொன்னேன்."

"அத எங்கிட்டயும் சொல்லுங்க. அதே மாதிரி."

"அது அவளுக்குச் சொன்னது அனிதா."

அவளுக்கு. நாளைக்கு மூன்றாவது ஓலை, இன்னும் அவளுக்கு. அனிதாவின் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"சொல்லலன்னா நாளைக்கு ஓல வாசிக்கறப்ப நானே எந்திரிச்சு தடை சொல்லுவேன். சத்தியமா சொல்லுவேன்."

லியோ அவளைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ எங்க கூப்புட்டாலும் வந்துருவேன். ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

அனிதாவுக்கு நெஞ்சு நிறைந்தது. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. பதில் சொல்ல வாய் திறந்தாள்.

"வாங்க."

அவள் சொல்லவில்லை. லியோவின் வலது பக்கத்திலிருந்து வந்தது. காய்ச்சலில் கிடக்கிறவளின் வறண்ட குரல்.

லியோ எழுந்தான்.

"மாமா?"

அவள் பிடியிலிருந்து அவன் கை வழுக்கிக்கொண்டு போனது. அவனுடைய வலது கை மட்டும் எதையோ பற்றியிருந்தது. விரல்கள் மடங்கி, இறுகி. கிணற்றின் முதல் படியில் இறங்கினான். காய்ந்த கல். அவன் பாதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாதம் ஈரமாகப் பதிந்தது. சின்னப் பாதம். அடுத்த படி. அங்கும்.

"மாமா, எங்க போறீங்க? மாமா!"

அவன் திரும்பவில்லை. பக்கத்தில் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அனிதாவுக்கு இதுவரை கிடைத்ததில்லை. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை.

பின்னாலேயே ஓட நினைத்தாள். கால் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தாள்.

லியோவின் முழங்கால்வரை தண்ணீர். பிறகு இடுப்புவரை. அலையே எழவில்லை. தெளிந்த தண்ணீரில் இரண்டு முகம் தெரிந்தது. ஒன்று அவனுடையது. இன்னொன்று, அவனுக்குத் தெரியாமல் அவன் போனை எடுத்து அனிதா நூறு தடவை பார்த்த முகம். தலை நிறையச் சம்பங்கி.

அது அண்ணாந்து அனிதாவைப் பார்த்தது. கோபமாக இல்லை. தன் புருஷனை விடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிற யாரோ ஒருத்தியை ஒரு பெண்டாட்டி எப்படிப் பார்ப்பாள், அப்படிப் பார்த்தது.

லியோ அடுத்த படியில் கால் வைத்தான்.