பன்னிரண்டு டிஸ்க்குகள்

சனிக்கிழமை மாலை ரோசம்மா தன் அலமாரியில் வைத்துப் பூட்டிய பன்னிரண்டு டிஸ்க்குகளும், திங்கட்கிழமை காலை, வாசகர்கள் புத்தகம் திருப்பிப் போடும் பெட்டிக்குள் கிடந்தன.

நூலகம் திறக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. சிராங்கூன் ரோட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்க, ஏர்கான் போடாத கூடத்தில் பழைய காகித வாடையோடு வெட்டிய மண்ணின் ஈரவாடையும் கலந்து அவள் மூக்கைத் துளைத்தது. அலமாரியின் பூட்டு அப்படியே தொங்கியது. திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. ஆறு மாதமாக இந்தத் திட்டத்தோடு மல்லுக்கட்டுகிறாள். பல்கலைக்கழகத்தின் பெரிய கணக்கு ஒன்றைத் துண்டு துண்டாக டிஸ்க்கில் போட்டு, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வாசகர்களுக்குப் புத்தகம்போல இரவல் தரவேண்டும். சும்மா இருக்கும் நேரத்தில் அவர்கள் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். விடையோடு டிஸ்க் திரும்பும். சுவரொட்டி ஒட்டினாள். ஃபேரர் பார்க்கில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஞாயிறு பூசை முடிந்து வருபவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. கம்ப்யூட்டர் சூடாகிவிடுமாம். ஒருத்தர்கூட எடுக்கவில்லை.

"திங்கட்கிழமைக்குள்ள பன்னிரண்டு பேராவது எடுத்திருக்கணும். இல்லன்னா க்ளோஸ் பண்ணிடலாம் லா," என்று தலைமை நூலகர் பெர்னார்ட் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆறு மாத உழைப்பு குப்பைக்குப் போவதா? இறந்த உறுப்பினர்களின் அட்டைகளைக் குடும்பத்தார் திருப்பித் தருவார்கள். அவை ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. சனிக்கிழமை அதில் பன்னிரண்டை எடுத்து, அந்தப் பெயர்களில் இரவல் பதிந்தாள். உயிரோடிருப்பவர் என்றால் யாராவது வந்து சண்டை பிடிப்பார். இவர்கள் வரமாட்டார்கள்.

ஒவ்வொரு டிஸ்க்கோடும் தொண்டர் படிவம் இருந்தது. சனிக்கிழமை வெறுமையாக இருந்த படிவம்.

பெயர்: கோவிந்தசாமி. கம்ப்யூட்டர் ஓடிய நேரம்: இடைவிடாமல். அடுத்த பங்கு வேண்டுமா: ஆம்.

அடுத்தது அல்போன்சம்மாள். இடைவிடாமல். ஆம்.

பன்னிரண்டிலும் அதே பதில். பன்னிரண்டும் வேறு வேறு கையெழுத்து. எழுத்தோரங்களில் செம்மண் ஒட்டியிருந்தது.

பெர்னார்ட் குடையை உதறியபடி பின்வாசலால் வந்தார். "பன்னிரண்டும் திரும்பி வந்துடுச்சா? வெரி குட்."

"சார், இத நான் யாருக்கும் குடுக்கவே இல்ல. நானாத்தான் பேர்..."

"யுனிவர்சிட்டிக்குப் போன் பண்ணி இன்னும் நூறு கேக்கிறேன் லா." அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரோசம்மாவுக்கு அழுகை முட்டியது. திட்டத்தை மூடவேண்டாம் என்று இத்தனை நாள் கெஞ்சியபோது காது கொடுக்காத மனிதர், இப்போதும் கேட்கவில்லை.

டக்.

தெருப்பக்கச் சுவரில் பதித்த பெட்டியின் தகரமூடி.

கண்ணாடிக் கதவு வழியே வெளியே பார்த்தாள். நடைபாதை காலி. மழை மட்டும்.

டக்.

திரும்பினாள். மூடி மேலே தூக்கியிருந்தது. வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நீண்டது. வெளிறிய கை. நகக்கண்ணில் மண். அதில் டிஸ்க் இல்லை. விரித்த உள்ளங்கை.

காத்திருந்தது.

அதற்கடியில், இடித்து நெருக்கிக்கொண்டு, இன்னொன்று. அப்புறம் ஒரு சிறிய கை.