தரையில் வைத்த கோப்பை

அன்று காலை பத்து மணிக்கு ருதைனாவுக்குக் கடைசி வாய்மொழித் தேர்வு. அதே பத்து மணிக்குத்தான் மாமியார் வத்ஹா தன் தங்கை வீட்டுப் பெண்கள் நாலு பேரைக் காப்பிக்கு அழைத்திருந்தாள். வேண்டுமென்றே அழைத்தாள் என்று சொன்னால் பாவம் நம்மைச் சேரும். தெரியாமல் அழைத்தாள் என்று சொல்லவும் நமக்கு வாய் வரவில்லை.

கரக் பக்கத்து மலையூர் அது. அங்கே பெண்கள் பள்ளியில் பதினான்கு வருடமாக அறிவியல் சொல்லிக்கொடுப்பவள் ருதைனா. அதே பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆக வேண்டும் என்று, தலைநகர் அம்மானில் ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் பள்ளி நிர்வாக முதுகலையில் சேர்ந்திருந்தாள். இரண்டு வருடமாகப் பள்ளி விட்டு வந்து, சமைத்து, மாமியாருக்குச் சர்க்கரை ஊசி போட்டு, அதற்குப் பிறகே மடிக்கணினியைத் திறப்பாள். ஒரு நாள்கூட வீட்டு வேலையில் குறை வைத்ததில்லை. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு எவனோடோ பேசுகிறாள் என்று வத்ஹா மகனிடம் ஓதிக்கொண்டே இருந்தாள். மகன் நாயிஃப் தாயிடம் "சரிம்மா" என்றும் மனைவியிடம் "விடு" என்றும் சொல்லியே பதினாறு வருடம் ஓட்டியவன்.

தேர்வு நேரத்தில் அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது, இன்னொரு முகம் தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்று ருதைனா முந்தின நாளே இரண்டு தடவை சொன்னாள். காப்பி, கோப்பைகள், பேரீச்சம்பழம் எல்லாம் தயாராக எடுத்தும் வைத்தாள். ஆனால் வந்தவர்களுக்கு முதல் கோப்பையை மருமகள் கையால் ஊற்றாதது வத்ஹாவுக்குப் பெரிய தலைக்குனிவாகப் போயிற்று.

இருபதாவது நிமிடத்தில் கதவு படாரென்று திறந்தது.

"விருந்தாளிய உக்கார வெச்சுட்டு, இங்க எந்த ஆம்பளையோட கொஞ்சிக்கிட்டிருக்கே?"

வத்ஹாவின் தோளுக்குப் பின்னால் நாலு கழுத்துகள் எட்டிப் பார்த்தன. திரையில் மூன்று தேர்வாளர்கள். அவர்களில் தலை நரைத்தவர், விதிப்படி தேர்வை நிறுத்துவதாக மெதுவாகச் சொன்னார். திரை அணைந்தது.

ருதைனா அழவில்லை. எழுந்து போய் நாலு பேருக்கும் வரிசையாகக் காப்பி ஊற்றினாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு மாமியாரின் முன்னால் வந்து நின்றாள்.

"திட்டுனீங்க, பொறுத்துக்கிட்டேன் மாமி... இன்னிக்கு என் நடத்தையப் பத்தி நாலு பேரு முன்னால சொல்லிட்டீங்க. இனி இந்த வீட்டுல நான் எப்படித் தலைநிமிந்து நடப்பேன்?"

தகப்பனார் வீட்டுக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமைக்குள் காரணம் எழுதிக் கேட்டால் இன்னொரு முறை தேர்வு வைக்கலாம் என்று பல்கலைக்கழகம் தெரிவித்தது. அவள் எழுதவில்லை. ஆசையே விட்டுப்போயிற்று என்று தகப்பனார் ஃபவ்வாஸிடம் சொல்லிவிட்டாள். அவர் அதை நாயிஃபுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

இங்கே வீட்டில், மேசையைத் துழாவிய நாயிஃபின் கையில் அவளுடைய ஆய்வேடு அகப்பட்டது. ஊரில் படிப்பை நிறுத்திய பெண்களைப் பற்றியது. முதல் பக்கத்தைப் பார்த்ததும், பதினாறு வருடத்தில் முதல் முறையாகத் தாயைப் பிடித்து உட்கார வைத்து உரக்கப் படித்தான்.

"நாலாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்த ஒரு சிறுமியைத் தந்தை பள்ளியிலிருந்து நிறுத்தினார். பள்ளியிலிருந்து ஒருவர்கூட அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. அந்தச் சிறுமிதான் என் மாமியார். நான் தலைமையாசிரியை ஆனால், படிப்பை விட்டு நிற்கும் ஒவ்வொரு பெண்ணுக்காகவும் அவள் வீட்டு வாசலுக்குப் போவேன்."

வத்ஹா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

புதன்கிழமை மதியம் வத்ஹா ஃபவ்வாஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு போனவளை அழைக்க ஊர்ப் பெரிய மனிதர்கள்தான் வருவது வழக்கம். இவள் மகனை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஃபவ்வாஸ் கொடுத்த காப்பியை வாங்கி, வாயருகே கொண்டுபோகாமல் தரையில் வைத்தாள். அப்படி வைத்தால் ஏதோ வேண்டுதல் இருக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்காமல் விருந்தாளி எழுந்துபோனால் அந்த வீட்டுக்கே மானக்கேடு.

பெண்ணைக் கூட்டிப்போகத்தானே, தாராளமாகக் கூட்டிப்போங்கள் என்றார் ஃபவ்வாஸ். வத்ஹா தலையசைத்து மறுத்தாள்.

"வர்றதும் வராததும் அவ இஷ்டம் சம்மந்தி. நான் அதுக்கு வரல." மருமகள் பக்கம் திரும்பினாள். "அந்த நாலு பேரு வீட்டுக்கும் காலையில போய், நான் பேசினது அபாண்டம்னு சொல்லிட்டுத்தான் வர்றேன் ருதைனா. எங்கப்பா வீட்டுல எனக்காக யாரும் கோப்பையக் கீழ வைக்கல... உனக்காக நான் வெச்சிருக்கேன். அந்தக் கடுதாசிய எழுது. நீ எழுதுற வரைக்கும் நான் குடிக்க மாட்டேன்."

அன்று அழாத ருதைனா அப்போது அழுதாள். கண்ணைத் துடைத்துத் துடைத்து, நின்ற இடத்திலேயே கைப்பேசியில் எழுதி அனுப்பினாள். அனுப்பியதும் மாமியாரைக் கட்டிக்கொண்டாள்.

"அனுப்பிட்டேன் மாமி... காப்பி ஆறிப்போச்சு, வேற ஊத்தித் தர்றேன்."

"எனக்கு இதுதான் வேணும்."

கோப்பையை எடுத்து, அடிவண்டல் வரை குடித்து முடித்தாள் வத்ஹா. வெறுங்கோப்பையைச் சம்மந்தியிடம் நீட்டியபோது அவள் குரல் தெருவுக்கே கேட்டது.

"எங்க வீட்டு மருமக இந்த ஊருக்கு ஹெச்.எம். ஆகப்போறா. கேக்குறவங்ககிட்ட எல்லாம் நான் சொன்னேன்னு சொல்லுங்க."