பூட்டப்பட்ட 412 ஜாதகங்கள்!

"ஐயோ...! நானூத்திப் பன்னெண்டு பேரும் போயிட்டாங்களே...!"

மலேசியாவின் கிள்ளான். சனிக்கிழமை. காலை ஒன்பது மணி பத்து நிமிடம்.

அலறல் மூன்று வரிசை வீடுகளைத் தாண்டிப் போனது.

பக்கத்து வீட்டுச் சுகுமாறன் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான். நாற்பது வயது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கல்யாணம் ஆகாதவன்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரா...? விமானமா...? கப்பலா...?

"ஆன்டி! எங்க ஆக்சிடென்ட்?"

ஹாலில், கம்ப்யூட்டருக்கு முன்னால் பவுனம்மாள் உட்கார்ந்திருந்தாள். கேரி தீவுத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் செம்பனைப் பழம் பொறுக்கிய உடம்பு. மழைக்கும் அசையாது, வேலை வாங்கும் மண்டோருக்கும் அசையாது.

இன்று நடுங்கியது!

"ஆக்சிடென்ட் இல்ல தம்பி... கொலை! அங்க பாரு!"

திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு பூட்டுப் படம். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி.

சுகுமாறன் படித்தான். பிரஷ் கீழே விழுந்தது.

"ஆன்டி... இது ரேன்சம்வேர். உங்க ஃபைல் எல்லாத்தையும் எவனோ பூட்டிட்டான். எட்டாயிரம் ரிங்கிட் பிட்காயின்ல கேக்கறான். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வராதா?"

"தொடாதீங்க!"

பாய்ந்து போய் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினான். திரையை ஃபோனில் படம் எடுத்தான்.

"பேக்கப் இருக்கா?"

பவுனம்மாளின் முகம் மலர்ந்தது.

"இருக்கே! நீ சொன்னியேன்னு பென்டிரைவ்ல போட்டு வெச்சிருக்கேன்!"

"எங்க?"

"அதோ... கம்ப்யூட்டர்லயே குத்தி வெச்சிருக்கேன் பாரு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சேன். பொட்டு வெச்சதைப் பிடுங்கக் கூடாதுன்னு அப்படியே விட்டுட்டேன்."

சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய், பென்டிரைவ் பக்தியோடு நின்றது.

அதுவும் பூட்டப்பட்டிருந்தது!

சுகுமாறன் தலையில் கை வைத்தான்.

"சாமி பொட்டைப் பார்க்கும், வைரஸ் பார்க்காது ஆன்டி! நேத்து என்னத்தைத் திறந்தீங்க?"

"ஒரு ஜாதகம். ஈமெயில்ல வந்துச்சு. எஞ்சினியர் மாப்பிள்ளை, சொந்த வீடு, அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல..."

"உடனே திறந்துட்டீங்களா?"

"மாமியார் இல்லாத மாப்பிள்ளைடா! எப்படித் திறக்காம இருக்கறது?"

பவுனம்மாள் கல்யாணத் தரகர். கிள்ளான், பந்திங், பிரிக்பீல்ட்ஸ்... எங்கே மேளம் கொட்டினாலும் மூன்றில் ஒன்று அவள் முடித்த கல்யாணம்.

"ஜாதகம் போனா போகட்டும் ஆன்டி. திரும்பக் கேட்டு வாங்கிக்கலாம்லா."

"ஜாதகத்துக்கு யாருடா அழுதா? கடைசி வரியைப் படி!"

படித்தான்.

'பணம் வராவிட்டால் உங்கள் குறிப்புப் பகுதி முழுவதும் வாட்ஸ்அப்பில் வெளிவரும். 412 குடும்பத்துக்கும்.'

"குறிப்புப் பகுதியா? அது என்ன?"

பவுனம்மாள் எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். குரல் தாழ்ந்தது.

"இடம் அமையலைன்னா குடும்பத்துக்கு என்ன சொல்லுவேன்?"

"ஜாதகம் பொருந்தலன்னு சொல்லுவீங்க. எனக்கே ஆறு தடவை சொல்லியிருக்கீங்க."

"எல்லாத் தரகரும் அதான் சொல்லுவோம். யார் மனசும் நோகாது. பழி கிரகத்துமேல போயிடும். ஆனா உண்மைக் காரணம் எனக்கு ஞாபகம் இருக்கணும்ல? ஒவ்வொரு பேருக்கு நேராவும் எழுதி வெச்சிருக்கேன்."

"என்னன்னு?"

"'டாக்டர் இல்லை. டாக்டருக்குக் கார் ஓட்டுறார்.' 'பொண்ணுக்கு வயசு இருபத்தொன்பது. நாலு வருஷமா இருபத்தொன்பது.' 'தாய்மாமன் சாயங்காலத்துக்கு மேல் நிற்க மாட்டார்.' இந்த மாதிரி..."

"ஐயய்யோ!"

"நான் முடிச்சு வெச்ச அறுபது கல்யாணமும் இதுல இருக்கு! வெளிய வந்தா அறுபது வீட்டுலயும் நெருப்பு. பாதிப் பொண்ணுங்க பெட்டியோட அம்மா வீட்டுக்கு வந்துடுவாங்க. நான் மீன் பாசாருக்குக் கூடப் போக முடியாது தம்பி... மீன் வெட்டற கத்தியாலேயே வெட்டுவாங்க!"

சுகுமாறன் தொண்டையைச் செருமினான்.

"ஆன்டி... என் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கீங்க?"

"இப்ப அதுவா முக்கியம்!"

*

பதினொன்றரைக்கு சார்ஜன் புனிதா வந்தாள். பவுனம்மாள் கொடுத்த போலீஸ் ரிப்போர்ட்டின் மை இன்னும் காயவில்லை. சீருடை இல்லை. ஜீன்ஸ், தூக்கிக் கட்டிய முடி. முப்பத்திரண்டு வயது. கண் மட்டும் போலீஸ்.

"காசு கட்டாதீங்க ஆன்டி. கட்டினாலும் திறந்து விடுவான்னு நிச்சயம் இல்ல. பேசிக்கிட்டே இருங்க. பேசறவன்தான் மாட்டுவான்."

மிரட்டலில் ஒரு சாட் முகவரி இருந்தது. சுகுமாறன் தன் ஃபோனில் அதைத் திறந்தான்.

"என்ன அடிக்கட்டும் ஆன்டி?"

"டைம் கேளு. நாளைக்கு அஞ்சு மணிக்கு முடியாது. ஞாயித்துக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். ராகு காலத்துல கை மாறற காசு விளங்காதுன்னு அடி."

"ஆன்டி! அவன் ரஷ்யாவுல உட்கார்ந்திருப்பான். ராகு காலமாவது..."

"அடிடா!"

அடித்தான்.

மூன்று புள்ளிகள் குதித்தன. நின்றன. மறுபடி குதித்தன.

பதில் வந்தது.

'சரி. ஆறேகால்.'

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரஷ்யாவாம்ல!" என்றாள் பவுனம்மாள்.

புனிதாவின் உதட்டில் சிரிப்பு. "நம்ம ஆளு! விடாதீங்க ஆன்டி, பேசுங்க..."

பவுனம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனி இது கம்ப்யூட்டர் விஷயம் இல்லை. அவள் தொழில்.

"கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளு."

"யார்கிட்ட? திருடன்கிட்டயா?"

"திருடனுக்கும் கல்யாணம் ஆகணும்ல!"

புள்ளிகள் குதித்தன. இந்த முறை ரொம்ப நேரம்...

'இல்லை.'

"வயசு?"

'34.'

"அடி தம்பி: 'உனக்கு எட்டாயிரம் எதுக்கு? நாலு மாசத்துல கரைஞ்சிடும். நான் பொண்ணு பார்த்துத் தரேன். ஆயுசுக்கும் நிக்கும். பூட்டைத் திற.'"

பத்து நிமிடம் பதில் இல்லை. தேநீர் ஆறியது. புனிதா கடிகாரத்தைப் பார்த்தாள்.

டிங்...!

'பொண்ணு எந்த ஊர்?'

"விழுந்துட்டான்!" சுகுமாறன் துள்ளினான்.

அடுத்த வரி மளமளவென்று வந்தது. பிறந்த தேதி, ராசி, உத்திரட்டாதி இரண்டாம் பாதம், பிறந்த நேரம் விடியற்காலை நாலு ஐம்பத்திரண்டு...

"யாருன்னு தெரியுதா ஆன்டி?" என்றாள் புனிதா.

"பேரைச் சொன்னா எனக்குத் தெரியும். தேதியைச் சொன்னா கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அதான் பூட்டிக் கிடக்கே!"

கடைசியாக ஒரு நிபந்தனை வந்தது.

'பெண்ணைப் பார்த்த பிறகுதான் திறவுகோல். போலீஸ் என்று ஒரு வாசனை வந்தாலும் 412ம் வெளியே போகும்.'

"பொண்ணுக்கு எங்க போறது?" என்றான் சுகுமாறன்.

பவுனம்மாள் புனிதாவை மேலும் கீழும் பார்த்தாள். தரகர் பார்வை.

புனிதா பின்வாங்கினாள். "ஆன்டி... நோ! பட்டுப் புடவை கட்டி எனக்குப் பழக்கமே இல்ல!"

"பழகிக்கோ. ஒரு நாள் கட்டித்தானே ஆகணும்!"

*

ஞாயிறு. பிற்பகல் மூன்று மணி. பிரிக்பீல்ட்ஸ்.

மாடியில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. மூலை மேசையில் பவுனம்மாள். பக்கத்தில் மாம்பழ நிறப் பட்டில் புனிதா. தலையில் பூ, கைப்பைக்குள் கைவிலங்கு. பெண்ணின் அண்ணனாக சுகுமாறன், இரவல் வாங்கிய பூப்போட்ட பாத்தேக் சட்டையில்.

"பல்லைக் கடிக்காதம்மா. கொஞ்சம் சிரி" என்றாள் பவுனம்மாள்.

"சிரிச்சா சரியா வராது ஆன்டி. நான் சிரிச்சா கைதி பயப்படுவான்."

படியில் காலடிச் சத்தம்...

ஒரு தாம்பாளம் முதலில் ஏறி வந்தது. ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை, மல்லிகை. தாம்பாளத்துக்குப் பின்னால் ஒரு அம்மாள். அவளுக்குப் பின்னால் ஆறடி உயரத்தில் ஓர் ஆள். வெள்ளைச் சட்டை. எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ் விரல் நகங்களில்.

பவுனம்மாளின் வாய் திறந்தது.

"இது... நம்ம இராஜம்மா மகன் கிஷனாச்சே! துறைமுகத்துல கன்டெய்னர் லோரி ஓட்டறவன்... நல்ல பையன்லா! இவனா?"

கிஷன் கை கூப்பினான். "வணக்கம் ஆன்டி. அம்மா திடீர்னு பொண்ணு பார்க்கப் போறோம்னு சொன்னாங்க. சந்தோசம்..."

அவ்வளவுதான் சொன்னான்.

புனிதா எழுந்தாள். மல்லிகைப் பூ பறந்தது. கிளிக்...! அவன் வலது மணிக்கட்டில் விலங்கு!

"போலீஸ்! அசையாத! பாஸ்வோர்டைச் சொல்லு!"

கிஷன் விழித்தான். "எந்தப் பாஸ்வோர்ட்? என் ஃபோனுக்கே அம்மாதான் போட்டு வெச்சாங்க."

"நடிக்காத! நானூத்திப் பன்னெண்டு ஜாதகத்தையும் பூட்டினது யாரு?"

"பொண்ணு பார்க்க வந்தா இப்படியெல்லாம் கேள்வி கேப்பாங்களாம்மா?" என்று தாயைத் திரும்பிக் கேட்டான் அவன். குரலில் நிஜமான பயம்.

தாம்பாளம் மேசைமேல் இறங்கியது. மெதுவாக.

"அவனை விடுங்க" என்றாள் இராஜம்மா. "அவனுக்கு டோல் கார்டுல காசு ஏத்தக்கூடத் தெரியாது. பூட்டினது நான்."

சமையல்கட்டில் ஒரு பாத்திரம் உருண்டது.

"நீங்களா...?" சுகுமாறனின் குரல் கீச்சிட்டது.

"ஏன், பொம்பளைக்குத் தெரியாதா? கையுறை பேக்டரியில இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர் ரூம்ல வேலை பார்த்தேன். ஒரு தடவை பேக்டரி சிஸ்டத்தை எவனோ இதே மாதிரி பூட்டினான். பதினோரு நாள் தூங்காம உட்கார்ந்து மீட்டது நான். எப்படிப் பூட்டறான்னு அப்பக் கத்துக்கிட்டேன். அடுத்த வருஷமே ஆள் குறைப்புன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

புனிதா அவளையே பார்த்தாள். "அந்தச் சாட்ல பேசினது...?"

"நான்தான். தன் பொறந்த நேரத்தை நிமிஷக் கணக்கா எந்தப் பையனுக்கும்மா தெரியும்? வலிச்சவளுக்குத்தான் தெரியும்."

"அப்ப எட்டாயிரம் எதுக்குக் கேட்டீங்க?"

இராஜம்மா பவுனம்மாள் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"பதினோரு பொண்ணு! பதினோரு தடவையும் ஜாதகம் பொருந்தலன்னு சொன்னீங்க. நாலு ஜோசியர்கிட்ட கேட்டேன், எல்லாம் பொருந்துதுன்னாங்க. அப்புறம் ஏன்? அதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்தேன். காசு பறிக்க இல்ல."

"தெரிஞ்சுதா...?" என்றாள் பவுனம்மாள்.

"தெரிஞ்சுது. 'பையன் தங்கம். தாய் சுனாமி.'"

கிஷன் தரையைப் பார்த்தான். சுகுமாறன் கூரையைப் பார்த்தான்.

"அதைப் படிச்சேன். கோவம் வந்துச்சு. பூட்டிட்டேன்! எழுத்துக்கு ஆயிரம்னு வெச்சு, எட்டு எழுத்துக்கு எட்டாயிரம்!"

"எத்தனை எழுத்துன்னு எண்ணினீங்களாம்மா?" என்றான் கிஷன்.

"எண்ணலைடா. அந்தக் கோவத்துல வாய்க்கு வந்ததைப் போட்டேன்!"

"சரி, போலீஸ் வரும்னு தெரியாதா?" புனிதாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவரை மட்டும் அனுப்பிட்டு நீங்க தப்பிச்சிருக்கலாமே?"

இராஜம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பொண்ணு பார்க்கப் பையனைத் தனியா அனுப்பற குடும்பமா நாங்க!"

தாம்பாளத்தில் வெற்றிலையை ஒதுக்கினாள். அடியில், மஞ்சள் தடவிய சின்னக் கவரில் ஒரு பென்டிரைவ்.

"திறவுகோல் இதுல இருக்கு. சொன்னா சொன்னதுதான். ஒரு குறிப்பும் வெளிய போகாது."

புனிதா கிஷனின் கையிலிருந்து விலங்கைக் கழற்றினாள். அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டான்:

"மேடம்... அம்மாவுக்குப் பிரஷர் இருக்கு. மாத்திரை பையில இருக்கு. லோக்கப்ல கொடுக்க விடுவீங்களா?"

புனிதா அவனை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தாள்.

"விடுவோம்" என்றாள்.

*

மாலைக்குள் பூட்டு திறந்தது. நானூற்றுப் பன்னிரண்டும் உயிரோடு!

சுகுமாறன் முதல் வேலையாகத் தன் பெயரைத் தேடினான்.

'நல்ல பையன். வாய் மூடாது. நைட் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்ணாக இருந்தால் தேவலை.'

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து நைட் ஷிப்ட் பெண் யாராவது இருக்கிறாளா என்று கேட்டான்.

இராஜம்மா கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பதினெட்டு மாதச் சிறை.

வழக்கு முடிந்து ஆறு வாரம் கழித்து, பவுனம்மாளின் ஃபோன் அடித்தது.

"ஆன்டி, புனிதா பேசறேன்."

"ஐயோ! மறுபடியும் வைரஸா?"

"இல்ல ஆன்டி. அந்தக் கிஷன்... ஜாதகம் இன்னும் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. ஏன், கேஸ் முடியலையா?"

"கேஸ் முடிஞ்சிடுச்சு. என்னோட ஜாதகத்தை அனுப்பறேன். பொருத்தம் பாருங்க."

பவுனம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! யோசிச்சுதான் பேசறியா? மாமியாரை நீயே உள்ள தள்ளியிருக்க! பதினெட்டு மாசம் கழிச்சு வெளிய வருமே அந்தச் சுனாமி!"

மறுமுனையில் சிரிப்பு.

"மத்தப் பொண்ணுங்க கல்யாணத்துக்கு அப்புறம்தான் மாமியாரைப் பத்தித் தெரிஞ்சுக்கறாங்க ஆன்டி... நான் முன்னாடியே வாக்குமூலம் வாங்கிட்டேன்!"